கூரத்தாழ்வானின் வேண்டுதல்: வரதராஜ ஸ்தவம் குறித்து ஒரு பார்வை

வரதராஜ ஸ்தவம் என்பது காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளைப் போற்றிக் கூரத்தாழ்வான் வடமொழியில் இயற்றிய துதிநூல். வைகுண்ட ஸ்தவம், அதிமானுஷ ஸ்தவம், சுந்தரபாஹு ஸ்தவம், ஸ்ரீஸ்தவம் ஆகிய நான்கும் இதனுடன் சேர்ந்து 'பஞ்சஸ்தவம்' எனப்படும். கண்ணை இழந்தவர் கண் வேண்டிப் பாடியது என்ற அளவிலேயே இந்நூலைப் பலரும் அறிவர். துன்புறுத்தப்பட்ட ஒருவர் இறைவனிடம் எதைக் கேட்கிறார், எதை ஒப்புக்கொள்கிறார் என்று பார்த்தால் இந்நூலின் பெருமை இன்னும் நன்றாக விளங்கும்.

பின்னணி

கூரத்தாழ்வான் காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பிறந்தவர். செல்வத்தைத் துறந்து திருவரங்கம் சென்று இராமானுசரின் முதன்மைச் சீடரானார். இராமானுசர் 1017-இல் பிறந்ததாகக் கூறப்படும் ஸ்ரீபெரும்புதூரும் கூரமும் ஒரே வட்டாரத்து ஊர்களே.

குருபரம்பரை நூல்கள் சிற்சில வேறுபாடுகளுடன் கூறும் வரலாறு இது. சிவனுக்கு மேல் தெய்வம் இல்லை என்று எழுதிக் கையொப்பமிடுமாறு சோழ மன்னன் ஒருவன் இராமானுசருக்கு ஆள் அனுப்பினான். இராமானுசரின் காவி உடையைத் தாம் அணிந்துகொண்டு கூரத்தாழ்வான் சென்றார். முதியவரான பெரிய நம்பியும் உடன் சென்றார். 'சிவம்', 'துரோணம்' என்ற சொற்களுக்கு முகத்தல் அளவை என்ற பொருளும் உண்டு. அதை வைத்துக்கொண்டு, சிவத்தைவிடத் துரோணம் பெரியது என்று பொருள்படக் கூரத்தாழ்வான் எழுதிக் கொடுத்தார். அதன் விளைவாக இருவரும் கண்களை இழந்தனர். பெரிய நம்பி வழியிலேயே உயிர் நீத்தார். இராமானுசர் மேல்கோட்டைப் பகுதியில் நெடுங்காலம் தங்க நேர்ந்தது.

நூல்கள் 'கிருமிகண்டன்' என்று குறிக்கும் அம்மன்னன் யார் என்பதில் வரலாற்றாய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

இரு வேண்டுதல்கள்

இராமானுசரைப் பிரிந்திருந்த காலத்தில் கூரத்தாழ்வான் திருமாலிருஞ்சோலையில் தங்கிச் சுந்தரபாஹு ஸ்தவம் பாடினார். அதன் இறுதியில், திருவரங்கத்தில் முன்போல் இராமானுசருக்குப் பணிந்து வாழும் நாள் வேண்டும் என்கிறார். எதிரிகளின் எண்ணம் ஈடேறாதபடி செய்யவும் வேண்டுகிறார். எதிரிகளின் உயிரை அவர் கேட்கவில்லை.

இராமானுசர் திரும்பிய பின், காஞ்சி வரதனிடம் கண் கேட்குமாறு சீடருக்குக் கட்டளையிட்டார். அவ்வாறு பிறந்தது வரதராஜ ஸ்தவம். நூலின் பெரும்பகுதி அத்திகிரி நாதனின் குணங்களையும் திருமேனி அழகையும் சொல்கிறது. ஒரு சுலோகம் கருமுகில் போன்ற மேனியையும் தாமரைக் கண்ணையும் வருணித்து, அவ்வடிவை எப்போதும் தம் கண்ணுக்கு உரியதாக்க வேண்டுகிறது. ஆசிரியரின் கட்டளையை மீறாமலேயே அவர் அதன் பொருளை மாற்றிவிடுகிறார். எதைக் காண்பதற்குக் கண் வேண்டும் என்பதை மட்டுமே அவர் சொல்கிறார்.

நாலூரான் என்பவன் கூரத்தாழ்வானை மன்னனிடம் காட்டிக்கொடுத்தவன். தமக்குக் கிடைக்கும் பேறு அவனுக்கும் கிடைக்க வேண்டும் என்று கூரத்தாழ்வான் கேட்டதாக மரபு கூறுகிறது. இவ்வேண்டுதல் குருபரம்பரைக் கதையில் வருவது; துதியின் சொற்களில் தேடக்கூடாது.

யாருக்கு முன் குற்றம்?

இத்துதியில் கவிஞர் தம்மைத் தகுதியற்றவராகவும் குற்றம் நிறைந்தவராகவும் சொல்லிக்கொள்கிறார். வைணவர் இதை 'நைச்சியம்' என்பர். ஆளவந்தாரின் ஸ்தோத்திர ரத்தினம் இதற்கு முன்மாதிரி. இராமானுசரின் சரணாகதி கத்தியமும் மனம், வாக்கு, உடல் ஆகியவற்றால் செய்த குற்றங்களுக்கெல்லாம் பொறுத்தருள வேண்டுகிறது.

இப்பகுதியைப் பாடம் சொல்லும்போது மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கண்ணை இழந்தவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? நியாயமான கேள்வி. துன்பப்படுபவரைப் பார்த்து "எல்லாம் நீ செய்த வினை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் நம்மிடம் இன்றும் இருக்கிறது. அதற்கு இத்துதியைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. அது பிழையான வாசிப்பு.

மன்னன் கேட்டது ஒரு கையொப்பம். அதைத் தரக் கூரத்தாழ்வான் மறுத்தார். விளையாட்டாகச் சொல்லைத் திருப்பி எழுதினார். அங்கே அவர் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. இறைவன் முன்னோ ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த ஒப்புதல் அவராகத் தருவது. யாரும் அவரிடமிருந்து வாங்கியது அன்று. துன்புறுத்தியவனின் குற்றச்சாட்டை ஏற்பது வேறு, தன் குறையைத் தானே கடவுளிடம் சொல்வது வேறு.

ஒப்பீடு

சைவத்தில் திருநாவுக்கரசரிடமும் இதே அமைப்பைக் காணலாம். சூலை நோயுடன் திருவதிகை வந்து அவர் பாடிய பதிகம் நான்காம் திருமுறையின் முதலில் உள்ளது. தாம் அறியாமல் செய்த பிழையைச் சொல்லி வலியை நீக்கக் கேட்பது அது. பல்லவ மன்னனின் ஆணை வந்தபோது அவர் பாடியதாகச் சேக்கிழார் கூறும் மறுமாற்றத் திருத்தாண்டகமோ எவருக்கும் அடிமையில்லை என்ற முழக்கம். இறைவனிடம் அத்தனை பணிவு காட்டியவரே அரசனிடம் இத்தனை துணிவு காட்டுகிறார்.

விவிலியத்தின் சங்கீதங்களில் மன்னிப்பு வேண்டலும் உண்டு, பகைவரைச் சபிக்கும் பாடல்களும் உண்டு. 51-ஆம் சங்கீதத்தையும் 109-ஆம் சங்கீதத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் இது விளங்கும். நாலூரானுக்காகக் கேட்ட கூரத்தாழ்வானின் தனித்தன்மையும் அப்போது தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இவ்வரலாறுகள் அந்தந்தச் சமயத்தார் எழுதிவைத்தவை. சேக்கிழாரின் பெரியபுராணமே மதுரையில் சமணர் எண்ணாயிரவர் கழுவேறியதையும் சொல்கிறது. எந்தச் சமயமும் எப்போதும் துன்புற்ற பக்கத்திலேயே நின்றதில்லை.

மதிப்பீடு

குறை ஒன்றைச் சொல்லலாம். நைச்சியம் ஒரு மரபு வடிவமாகிவிட்டதால், கண்ணிழந்த மனிதரின் நேரடி வலி இத்துதியில் எளிதில் கேட்பதில்லை. திருவதிகைப் பதிகத்தில் நோயின் துடிப்பு உடலோடு தெரிகிறது. இங்கே அது அலங்காரத்துக்குள் ஒதுங்கி நிற்கிறது. இன்றைய வாசகர் முதல் வாசிப்பில் ஏமாறக்கூடும்.

சுந்தரபாஹு ஸ்தவத்தின் இறுதிச் சுலோகங்களையும் சேர்த்துப் படித்தால் அக்குறை பெரிதும் நீங்கும். பிரிவு, பகைவர் தடை, ஊர் திரும்பும் ஏக்கம் ஆகியவை அங்கே வெளிப்படையாக உள்ளன. அவ்வளவையும் கடந்து வந்தவர் வரதன் முன் தமக்கென்று கேட்டது அவன் வடிவைக் காண்பதை மட்டுமே. இவ்விரண்டு துதிகளையும் அந்த வரிசையில் படிப்பதே மாணவர்களுக்கு ஏற்ற வழி.