'அசல்' என்னும் சொல்லும் ஒரு கோழிக் கழுத்தும்

பாரிஸில் ஓப்பேராவை ஒட்டிய தெருக்களில் ஜப்பானியக் கடைகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. சேன்ட் ஆன் தெரு அதற்குப் பேர்போனது. ஒரு கூட்டத்துக்காகப் போயிருந்தபோது என்னைத் தன் வீட்டில் தங்க வைத்திருந்த ஈழத்து நண்பர், "தம்பி, வாற ஆக்கள் எல்லாரும் ஈபிள் கோபுரம் பாப்பினம். நாங்கள் கோழி தின்னப் போவம்" என்று அங்கே கூட்டிப்போனார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்நகரத்து உணவகங்களின் சமையற்கட்டுகளில் நின்று தேய்ந்த மனிதர். சாப்பாட்டைப் பற்றி எழுதினால் 'இதிலென்ன அரசியல்' என்று கேட்கிற தோழர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படிக்கட்டும்.

யகிட்டோரி என்றால் சுட்ட பறவை, அவ்வளவுதான். கோழியின் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனி மூங்கில் குச்சியில் வரும். தொடை, தோல், ஈரல், இதயம், இரைப்பை, மார்புக் குருத்தெலும்பு, வால் நுனி, கழுத்துச் சதை. வெறும் உப்பு, அல்லது சோயாவும் இனிப்பு மதுவும் சேர்த்துக் காய்ச்சிய 'தாரே' என்ற சாறு. அடுப்பில் பின்ச்சோத்தான் கரி. வாகயாமா பக்கத்து ஒருவகை ஓக் மரத்தில் சுடுவது, தட்டினால் உலோகம் மாதிரி ஒலிக்கும். கரியில் புகை கிடையாது. கோழிக் கொழுப்பு சொட்டும்போது எழுகிற புகைதான் ருசி. எங்கள் எதிரே மேடைக்குப் பின்னால் ஜப்பானியர் ஒருவர் விசிறியோடு நின்றார். யாரோடும் பேசவில்லை. அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் விலை போட்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

பட்டியல் அட்டையில் 'அசல்' என்கிற பொருள்படும் சொல் மூன்று இடங்களில் இருந்தது. கீழே ஒரு வரி: எங்களிடம் மாட்டிறைச்சி-சீஸ் குச்சி கிடைக்காது. நண்பர் விளக்கினார். பாரிஸின் மலிவு 'ஜப்பானிய' கடைகளில், பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த குடும்பங்கள் நடத்துபவை, சீஸை மெல்லிய மாட்டிறைச்சியில் சுற்றிச் சுட்டுத் தருவார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அதுதான் யகிட்டோரி. ஜப்பானில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக இங்கே 'அசல்' என்பது கோழியைப் பற்றிய தகவல் அல்ல. பக்கத்துத் தெருச் சீனனைக் காட்டி 'நான் அவன் இல்லை' என்று சொல்கிற வாக்கியம். எல்லா அசல்களுக்கும் ஒரு போலி தேவைப்படுகிறது. இதை வீட்டுப்பாடம் மாதிரி தெரிந்தவர்கள் நாம்.

இதற்கு அரசாங்கமே இறங்கிய கதை உண்டு. 2006 இல் ஜப்பானின் வேளாண் அமைச்சகம் வெளிநாட்டு ஜப்பானிய உணவகங்களைச் சோதித்துச் சான்றிதழ் தரப்போவதாக அறிவித்தது. பத்திரிகைகள் 'சூஷி போலீஸ்' என்று கிண்டலடித்ததும் திட்டம் சுருங்கிப்போயிற்று. 2013 இல் ஜப்பானிய உணவு மரபு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதற்கு மூன்று வருஷம் முன்பே பிரெஞ்சு விருந்து மரபு ஏறிவிட்டது. இரண்டு பேரரசுகள் பரஸ்பரம் வணங்கிக்கொள்கிற மேசை அது. நாங்கள் அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஈரல் தின்றுகொண்டிருந்தோம்.

சரி, அந்த அசல் எது? மத்சுபாரா இவாகோரோ என்ற பத்திரிகையாளர் டோக்கியோவின் சேரிகளுக்குள் போய் வந்து 1893 இல் ஒரு நூல் வெளியிட்டார். ரிக்‌ஷா இழுப்பவர்களும் கூலிகளும் தெருவில் என்ன தின்கிறார்கள் என்று அதில் வரிசைப்படுத்தும்போது யகிட்டோரியும் வருகிறது. கோழிக்கறி உணவகங்களின் அடுக்களையில் மிஞ்சிய குடலையும் ஈரலையும் வாங்கிச் சாறு பூசிச் சுட்டது. சதை உள்ளே இருப்பவனுக்கு, குடல் வெளியே வண்டியோடு நிற்பவனுக்கு. 1945 க்குப் பிறகு, தோற்றுப்போன நகரங்களின் கள்ளச் சந்தைகளில் பன்றிக் குடலும் மாட்டுக் குடலும் இதே குச்சியில் ஏறி இதே பெயரில் விற்றன. கோழி அப்போது விலை கூடியது. 1960களில் பிராய்லர் வந்த பிறகுதான் எல்லாருக்கும் கோழி. ஹொக்கைடோவின் முரோரானில், சைத்தாமாவின் ஹிகாஷிமத்சுயாமாவில் இன்றைக்கும் யகிட்டோரி கேட்டால் பன்றிதான் கொடுப்பார்கள். அந்த ஊர்க்காரன் பாரிஸுக்கு வந்து கடை போட்டால் அவனும் போலிதானா?

ரோலான் பார்த்தை இங்கே இழுக்காமல் முடியாது. 1970 இல் வந்த 'குறிகளின் பேரரசு' நூலில் ஜப்பானியச் சாப்பாட்டுக் குச்சியைக் கொண்டாடுகிறார். முட்கரண்டியும் கத்தியும் இரையைக் குத்துகின்றன, அறுக்கின்றன. ஜப்பானியக் குச்சி அப்படிச் செய்வதில்லை, உணவு அங்கே வன்முறைக்கு ஆளாகிற இரை அல்ல என்பது அவர் வாசிப்பு. அழகான வாசிப்பு. நானும் ஒரு காலத்தில் கூட்டங்களில் எடுத்துவிட்டதுண்டு. ஆனால் என் தட்டில் இருந்த குச்சி குத்தத்தான் செய்திருந்தது. இதயத்தின் நடுவில். தான் எழுதுவது நிஜ ஜப்பான் அல்ல, தான் கட்டிக்கொண்ட ஒரு குறியமைப்பு என்று அவரே முன்கூட்டிச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார். ஒப்புக்கொள்வோம். இருந்தும் அந்தக் குறியமைப்பில் கசாப்புக்காரனுக்கு ஏன் இடமில்லை என்று கேட்கலாம் அல்லவா?

ஜப்பானில் அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் இருக்கிறது: புராகு. 675 இல் தெம்மு பேரரசர் போட்ட இறைச்சித் தடைப் பட்டியலில் கோழியும் இருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் சாவோடும் ரத்தத்தோடும் தோலோடும் புழங்கியவர்கள் தீட்டுக்காரர்களாக ஒதுக்கப்பட்டார்கள். 1871 இல் அந்த இழிபெயர்கள் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. அடுத்த வருஷம் பேரரசர் மாட்டிறைச்சி தின்றது செய்தியானது. தின்பது நாகரிகமாயிற்று, அறுப்பது தீட்டாகவே நின்றது. 1922 இல் கியோத்தோவில் 'சுய்ஹெய்ஷா' கூடித் தங்கள் விடுதலையைத் தாங்களே எடுப்போம் என்று அறிவித்தார்கள். 1975 இல் புராகு குடியிருப்புகளின் முகவரிப் பட்டியலை நிறுவனங்கள் ரகசியமாக வாங்கி வைத்திருந்தது அம்பலமானது. வேலைக்கு வருபவன் எங்கிருந்து வருகிறான் என்று பார்க்கத்தான். பாகுபாட்டை ஒழிக்க என்று ஒரு சட்டம் 2016 இல் மறுபடியும் தேவைப்பட்டிருக்கிறது. இவர்களது இயக்கமும் தலித் இயக்கங்களும் பல காலமாகக் கைகோத்து வருகின்றன, தெரிந்ததே. கோழிக் குச்சிக்கும் புராகுவுக்கும் நேர்க்கோடு போட நான் முயலவில்லை. 'அசல் ஜப்பான்' என்று தட்டில் வைக்கிறபோது எந்த ஜப்பான் கழுவி விடப்படுகிறது என்பதுதான் கேள்வி.

என்னையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் குடலும் தலையும் காலும்தான் வாங்குவோம். கட்டுப்படியாவது அதுதான். எம்.ஏ. படிக்கிறபோது விடுதியில் 'வீட்டில் என்ன விசேஷம்' என்று கேட்டால் மட்டன் என்பேன். அதே நான் பாரிஸில் ஒரு கோழி இரைப்பைக்கு நாலரை யூரோ கொடுத்து, "மெல்லும்போது அந்த நொறுநொறுப்பு இருக்கு பாருங்க அண்ணே" என்று நண்பரிடம் ரசனை பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். எதற்கென்று கேட்கவில்லை.

வெளியே வந்ததும், "கொஞ்சம் பொறும் தம்பி" என்று கடையின் பின்பக்கச் சந்துக்குள் அழைத்துப்போனார். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நீல ஏப்ரன் கட்டிய பெடியன் ஒருவன் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். வவுனியாப் பக்கம். மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து ஏழு மணி வரைக்கும் குச்சி குத்துவானாம். கடை திறந்த பிறகு கோப்பை கழுவுவது. மேடைப் பக்கம் வருவதில்லை. "அங்கை ஜப்பான்காரர்தான் நிக்கவேணும் அண்ணை, சனம் அதைத்தானே பாக்க வருது" என்று வெகு சாதாரணமாகச் சொன்னான். விரல் நுனிகளில் பிளாஸ்திரி.

எது நல்லாயிருந்தது என்று கேட்டான். கழுத்து என்றேன்.

"அதுதான் அண்ணை பெரிய கரைச்சல். எலும்பை விட்டுச் சதை வராது. ஒரு குச்சிக்கு நாலு கோழி வேணும்." சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே போனான்.