மேடையும் மணற்கரையும்

நாட்டார் பாடலை மதிப்பிடுவோர் பெரும்பாலும் சொல்லழகையும் மெட்டையும் ஆராய்வதோடு அமைந்துவிடுகின்றனர். அப்பாடல் யாரை நோக்கிப் பாடப்படுகிறது என வினவுவோர் சிலரே. மாமல்லபுரத்தில் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. ஏனெனில் அங்கே ஆண்டுதோறும் இருவேறு களங்களில் கிராமியக் கலை உயிர்பெறுகிறது.

ஒன்று, மார்கழி, தை மாதங்களில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழா. பல்லவர் செதுக்கிய கல்லின் பின்னணியில், செவ்வியல் நடனங்களோடு கிராமியக் கலைகளும் அங்கு இடம்பெறுவதுண்டு. மற்றொன்று, மாசி மாத முழுநிலவு நாளில் இருளர் கடற்கரையில் கூடி எடுக்கும் விழா. இரண்டையும் நாம் கண்டிருக்கிறோம்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே மாசி மகத்திற்குச் செல்வோர், கடலை நெருங்கியதும் மணலில் ஓர் ஊரே எழுந்திருக்கக் காண்பர். புடவைகளைக் கட்டி மறைப்பு அமைத்துக் குடும்பம் குடும்பமாக இரவைக் கழிக்கின்றனர். விடியற்காலையில் மணலால் ஏழு படிகள் சமைத்து, பூவும் பழமும் தேங்காயும் படைத்து, கன்னியம்மனை அழைக்கின்றனர். சினந்து கடலுக்குள் சென்ற அன்னை அன்று மனமிரங்கித் திரும்புவாள் என்பது அவர்தம் நம்பிக்கை. திருமணமும் முடியிறக்கமும் காதுகுத்தும் அக்கரையிலேயே நிகழ்கின்றன.

அங்கு எழும் பாட்டுக்கு அறிவிப்பாளர் இல்லை; முடிவைக் குறிக்கும் கரவொலியும் இல்லை. மூதாட்டி ஒருவர் தொடங்க, அருகிருப்போர் அடியை ஏற்றுப் பாடுகின்றனர். மீண்டும் மீண்டும் அதே அடிக்குத் திரும்புகின்றனர். நூலுக்குக் குற்றம் வகுத்த இலக்கணியர் இதனைக் 'கூறியது கூறல்' என்பர். ஆனால் சினந்து சென்ற தாயை ஒருமுறை அழைத்துவிட்டு வாளாவிருக்கும் பிள்ளை உண்டோ? திரும்பத் திரும்ப வருதலே அழைப்பின் இலக்கணம். மன்றாட்டு மாலை சொல்லிப் பழகிய நமக்கு இது விளங்காத ஒன்றன்று.

விழா மேடை ஏறும் கிராமியப் பாட்டோ சில நிமிடங்களுக்குள் அடங்கியாக வேண்டும். அப்போது முதலில் வெட்டப்படுபவை திரும்பி வரும் அடிகளே. தாளம் விரைகிறது, உடை பளபளக்கிறது, பாட்டு எவரையும் அழைப்பதில்லை. இதுவே மேடையின்பால் நாம் காணும் குறை.

எனினும் மேடையைப் பழிப்பது எளிது. கலைஞனுக்கும் வயிறு உண்டு. ஊதியமும் மதிப்பும் மேடையில் கிடைக்கின்றன. அமெரிக்காவின் நாஷ்வில் நகரம் இதற்குச் சான்று. மலைநாட்டு ஏழையரின் பாட்டு 1925 முதல் வானொலி வழியாக அங்கிருந்து பரவி, பலருக்கு வாழ்வளித்தது. அந்நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை நடந்த ரைமன் அரங்கம், 1892இல் நற்செய்திக் கூட்டங்களுக்கென எழுப்பப்பட்ட மண்டபமாகும். செபத்திற்கென இடப்பட்ட நீள்பலகைகளில் அமர்ந்தே மக்கள் இசை கேட்டனர்.

அந்நகருக்கு மற்றொரு முகமும் உண்டு. நிகழ்ச்சிக்கு 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்னும் பெயர் பிறந்த 1927ஆம் ஆண்டின் இரவில் மௌத் ஆர்கன் இசைத்தவர், அடிமைகளின் பேரனான டிஃபோர்ட் பெய்லி. 1941இல் அவர் விலக்கப்பட்டார்; பின்னர் அதே நகரில் காலணிகளுக்கு மெருகிட்டுப் பிழைத்தார். 1982இல் மறைந்த அவரைக் கிராமிய இசைப் புகழ்மன்றம் ஏற்றுக்கொண்டது 2005இல்தான். மேடை பாட்டை வைத்துக்கொண்டு பாடியவரை அனுப்பிவிடக்கூடும் என்பதே இதன் பாடம்.

இதற்கு மாற்று வழி தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வாணிகம் முடங்க, பிழைப்பிழந்த மக்கள் அங்கே தம் முன்னோரின் அறிவையே முதலாகக் கொண்டனர். பாம்பைப் பிடித்துச் சில வாரங்கள் பேணி, நஞ்செடுத்து, உயிரோடு காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சு நச்சுமுறிவு மருந்தாகிப் பிறர் உயிரைக் காக்கிறது. இவ்வறிவுக்காகச் செங்கற்பட்டு மாவட்ட இருளரான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

பாட்டும் அத்தகைய அறிவே. எந்தப் பாட்டை மேடையேற்றுவது, எதனைக் கரையிலேயே காப்பது, எவ்வளவு நேரம் பாடுவது என்பனவற்றைப் பாடுவோரே முடிவு செய்யட்டும். ஊதியம் அவர்கள் கையில் சேரட்டும். அவரவர் பெயர் சொல்லி அவர்கள் அழைக்கப்படட்டும். மாசி இரவில் மணலில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்குக் குடிநீரும் விளக்கும் கிடைக்கட்டும். மேடைக்கு வந்த பாட்டு, நஞ்சு தந்த பாம்பைப் போல, உயிரோடு தன் இடம் திரும்பினால்தான் மறு மாசியிலும் அந்த அழைப்பு கடலருகே கேட்கும்.