பாடு: கிருபை யாருக்கு, தீர்ப்பு யாருக்கு?

போன தவக்காலத்தில் எங்கள் குப்பத்துக்குத் தியானம் கொடுக்க வந்த சாமியார் ஒரு தராசை வரைந்து காட்டினார். ஒரு தட்டில் கடவுளின் கிருபை, இன்னொரு தட்டில் நியாயத்தீர்ப்பு. கிருபைத் தட்டு கனத்தால் மனுஷன் துணிந்து பாவம் பண்ணுவானாம். தீர்ப்புத் தட்டு கனத்தால் நம்பிக்கை அத்துப் போவானாம். ரெண்டும் சமமா நிக்கற எடம்தான் மனந்திரும்புதலாம்.

கேக்க நல்லாத்தான் இருந்துச்சி. ஆனால் நாங்கள் பழவேற்காடு ஏரிக்கரைக்காரர்கள். தராசு எங்களுக்குப் பழக்கமான சாமான். எறா எடுக்க வர்ற ஏஜெண்டு கையில் தினமும் பார்க்கிறோம். அவர் கொடுத்த முன்பணம் தீரும்வரை எடையும் அவருடையது, விலையும் அவருடையது. ஆகவே தராசைக் கண்டதும் எங்களுக்கு வரும் முதல் கேள்வி, எந்தத் தட்டு கனக்கிறது என்பதல்ல. தராசைப் பிடித்திருக்கிற கை யாருடையது என்பதுதான்.

அன்றைக்கு ராத்திரி அம்மா பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "ஒன்ன இஸ்கூல்ல சேக்கச்சொல்லோ 'இந்து'ன்னு எய்திக் குட்த்தேன். ஞானஸ்நானம் வாங்கன புள்ளய அப்டி எய்தனது சாமிய மறுதலிச்ச மாரிதானன்னு மனசு அறுத்துக்கினே இருந்துச்சி. இன்னிக்கித்தான் சொன்னேன்." அபராதமாக அம்மாவுக்குக் கிடைத்தது ஐம்பத்துமூணு மணி செபமாலை. வலிக்கிற முட்டியோடு முழங்கால் போட்டுச் சொல்லி முடித்தார்.

அந்தப் பொய்யை அம்மாவின் வாயில் வைத்தது யார்? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் எவரும் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் வெளியேதான். தமிழ்நாட்டில் கிறித்தவரான ஆதிதிராவிடரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சேரி மாறல, செய்யற வேல மாறல, டீக்கடையில பாக்கற பார்வ மாறல. காகிதம் மட்டும் மாறிப்போச்சு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்ற பிறகு சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அங்கே மோசடி, இங்கே பாவம். ரெண்டு பக்கமும் தீர்ப்பு அம்மாவுக்குத்தான்.

சாமியார் கிருபையை விளக்க எடுத்துக்கொண்டது ஊதாரி மைந்தன் கதை. நான் அதைச் சின்ன வயசிலிருந்து கேட்டு அழுதிருக்கிறேன். இப்போது வேறு மாதிரி வாசிக்கத் தோன்றுகிறது. அந்த மகனுக்கு ஒரு வீடு இருந்தது, சொத்தில் பங்கு இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய் அழித்தான். திரும்பி வரும்போது தனக்குத் தானே அவன் விதித்துக்கொள்ளும் தண்டனை என்ன? அப்பா வீட்டுக் கூலியாட்களில் ஒருவனாக இருந்துவிடுகிறேன் என்பது. தோழர்களே, அவனுக்குத் தண்டனையாகத் தோன்றியது எங்களுக்குப் பிறப்பு. அந்த வீட்டுக் கூலியாள் எந்தச் சொத்தையும் அழிக்கவில்லை, எங்கும் ஓடிப்போகவில்லை. அவன் எதிலிருந்து மனந்திரும்ப வேண்டும்? விருந்துக்குக் கன்று அடித்தவன் அவனாகத்தான் இருக்கும். அவன் சாப்பிட்டானா என்று கதை சொல்லவில்லை. கதையின் மேல் எனக்குக் கோபமில்லை. மகனுக்குச் சொன்ன கதையைக் கூலியாளுக்குப் பிரசங்கம் பண்ணும் கருத்தியல்மேல்தான் கோபம்.

இந்த வேலை எங்கள் ஊரில் நேற்று ஆரம்பித்ததல்ல. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1622-23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறக்குறைய 1,900 பேரை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். 1659-61 பஞ்சத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் அவர்கள் விலைக்கு வாங்கிய மனிதர்கள் 8,000 முதல் 10,000 வரை. பஞ்சம் வந்தால் முதலில் விலைக்குப் போவது நிலமில்லாதவனின் பிள்ளை.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1632 முதல் 1642 வரை, இங்கே டச்சுச் சபையின் போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரொஜேரியுஸ். கிருபையினாலேயே ரட்சிப்பு என்று போதிக்கிற சபை அது. அவர் எழுதிய புத்தகம் அவர் இறந்த பின் 1651இல் லெய்டனில் வெளிவந்தது. மறைந்து கிடக்கும் அஞ்ஞானத்துக்குத் திறந்த வாசல் என்று அதற்குப் பெயர். இந்து சமயத்தைப் பற்றி ஐரோப்பாவுக்குச் சொன்ன ஆரம்பகால நூல்களில் முக்கியமானது என்று இன்றும் பாராட்டப்படுகிறது. அவருக்குத் தகவல் சொன்னவர் பத்மநாபன் என்ற பிராமணர். முதல் பாகம் பிராமணரின் வாழ்க்கை முறை, இரண்டாம் பாகம் அவர்களின் நம்பிக்கையும் வழிபாடும். மனிதச் சந்தை நடந்த துறைமுகத்தில் உட்கார்ந்து ஒரு போதகர் பாவத்தை எங்கே தேடியிருக்கிறார் பாருங்கள்! பிராமணரின் சடங்கில். ஒரு வாசல் புத்தகத்துக்குள் திறந்தது. இன்னொரு வாசல் கடலைப் பார்த்துத் திறந்திருந்தது. அதன் வழியாகப் போனவர்களுக்குப் புத்தகம் இல்லை, கல்லறையும் இல்லை. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் பத்திரமாக இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிலைகள் நின்று சாவை ஞாபகப்படுத்துகின்றன.

பழைய கதையை விடு, இப்ப இன்னா என்று கேட்கலாம். ஏரிக்கு வாருங்கள். சுத்துவலை போடும் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பங்கிடுவதற்குப் 'பாடு' என்று பெயர். ஏரியை ஒருவனே அள்ளிக்கொண்டு போகாமல் காத்த நல்ல ஏற்பாடு அது, மறுக்கவில்லை. ஆனால் மரபுப்படி அது பட்டினவருக்கு உரியது. நாங்களும் அதே தண்ணியில் பிழைக்கிறவர்கள்தான், சீட்டில் எங்கள் பேர் இல்லை. இருளர் சனங்கள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றில் கையால் தடவி எறா பிடிக்கிறார்கள், அவர்கள் பேரும் இல்லை. கோயிலுக்குள்ளே வந்தால் 'பாடு' என்ற சொல்லுக்கு அர்த்தம் வேறு. அங்கே அது ஆண்டவர் பட்ட பாடு. தவக்காலம் பூராவும் திருப்பாடுகளைத் தியானிக்கச் சொல்கிறார்கள். ஏரியில் பாடு அவர்களுக்கு, கோயிலில் பாடு எங்களுக்கு. ஒரே சொல்லைச் சாதி எவ்வளவு சுத்தமாகப் பங்கு பிரித்திருக்கிறது!

சபையும் மனந்திரும்பத்தான் செய்கிறது. 2000 மார்ச் 12இல் போப் இரண்டாம் ஜான் பால் திருச்சபையின் பழைய பாவங்களுக்காக மன்னிப்பு வேண்டினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒரு கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. நல்லது. ஆனால் அம்மாவுக்கு ஞானோபதேசத்தில் சொல்லிக்கொடுத்தது மூன்று காரியம்: மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் நிறைவாகாது. செத்தவனைக்கூடச் சாதிச் சுவர் கட்டிப் பிரித்த திருச்சி மேலப்புதூர் கல்லறைக்கு என்ன பரிகாரம்? எழுபது வயசுக் கிழவியிடம் மூன்றையும் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள், சாதியிடம் மட்டும் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

'கிருபை இலவசம், அதற்குப் போய் விலை வைக்கிறாயே' என்று இறையியல் படித்த நண்பர் ஒருவர் கோபித்தார். நான் விலை வைக்கவில்லை. லூக்கா 19இல் சக்கேயுவைப் பாருங்கள். அவன் எதையும் கொடுப்பதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்கிறார். கிருபைதான் முதலில் வருகிறது. ஆனால் அது வீட்டுக்குள் நுழைந்ததும் கணக்கு நோட்டு திறக்கிறது. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்கு என்று அவன் வாயாலேயே தீர்ப்பு வருகிறது. யாரும் தராசு பிடிக்கவில்லை. அவனுக்குத் தீர்ப்பாக வந்த அந்த நாலு மடங்கு, பறிகொடுத்தவன் வீட்டில் கிருபையாகப் போய் இறங்கும். கிருபையும் தீர்ப்பும் எதிரெதிர்த் தட்டுகள் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். எடுத்தவனிடம் ஒரு பெயர், இழந்தவனிடம் ஒரு பெயர், காரியம் ஒன்று. திருப்பிக் கொடுக்காத மனந்திரும்புதல், எடுத்தவன் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் ரசீது.

இதையெல்லாம் எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வலைக்கு முடிச்சுப் போட்டுக்கினே கேட்டுக்கினு இருந்தார். சக்கேயு வந்த இடத்தில் நிமிர்ந்தார்.

"அவன் ஆயக்காரன்தான? நம்ம ஏஜெண்டு மாரி."

"ஆமாம்மா."

"நெஜமாவே நாலு மடங்கு தரேன்னானா?"

"லூக்காவுல அப்டித்தான் இருக்குது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப அத்த ஏன் தியானத்துல சொல்லல?"