தலைவனின் விடுதலையும் உழைப்பவரின் விடுதலையும் – ‘கறுப்பு ஜக்கோபின்கள்’ பற்றிய ஒரு மதிப்பீடு

விடுதலைப் போராட்டங்களின் வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தலைவன் மக்களுக்கு விடுதலையைப் பெற்றுக் கொடுத்தான் என்ற கூற்றிலே, ‘விடுதலை’ என்னும் சொல் தலைவனுக்கும் மக்களுக்கும் ஒரே பொருளைத் தந்தது என்னும் எண்ணம் மறைந்து கிடக்கின்றது. அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு, சி. எல். ஆர். ஜேம்ஸ் 1938 இல் வெளியிட்ட ‘கறுப்பு ஜக்கோபின்கள்’ மிகவும் பொருத்தமான நூலாகும்.

திரினிடாட்டிற் பிறந்த மார்க்சியரான ஜேம்ஸ் (1901 – 1989) இந்நூலில் எடுத்துக்கொண்ட பொருள் ஹெயிற்றியின் புரட்சியாகும். கரிபியக் கடலில் பிரான்சின் குடியேற்ற நாடாயிருந்த சென் டொமிங்கு, ஏறத்தாழ 5 இலட்சம் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பினால் ஐரோப்பாவுக்குச் சீனியும் கோப்பியும் வழங்கி வந்தது. 1791 ஆகஸ்டில் அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1794 பெப்ரவரியில் பாரிஸ் நகரத்துத் தேசிய மாநாடு அடிமைமுறையை ஒழித்தது. தூசான் லூவேர்த்தூர் என்பார் படைத்தலைவராக உயர்ந்து, 1801 அளவில் தீவு முழுவதையும் தம் ஆட்சிக்குட் கொணர்ந்தார். 1804 ஜனவரி 1 இல் ஹெயிற்றி சுதந்திர நாடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அடிமைகளின் கிளர்ச்சி ஒன்று புதிய அரசாகவே முடிவுற்ற நிகழ்ச்சி இஃதொன்றேயாகும்.

நூலின் பெருஞ்சிறப்பு, அடிமைகளை இரக்கத்துக்குரியோராக அன்றி வரலாற்றைச் செய்வோராகக் காட்டியமையாகும். பெரிய சீனி ஆலைகளிலே நூற்றுக்கணக்காகக் கூடி உழைத்த இம்மக்கள், அக்காலத்து வேறெந்தத் தொழிலாளரைக் காட்டிலும் நவீன பாட்டாளி வர்க்கத்துக்கு நெருங்கியவராயிருந்தனர் என்று ஜேம்ஸ் வாதிடுகிறார். பாரிஸ் வீதிகளில் நிகழ்ந்தவற்றையும் கரும்புத் தோட்டங்களில் நிகழ்ந்தவற்றையும் ஒரே இயக்கத்தின் இரு முகங்களாக இணைத்துக் காட்டும் திறன் இன்றும் வியக்கத்தக்கது. ஆபிரிக்காவின் விடுதலையை மனத்திற் கொண்டே இந்நூல் எழுதப்பட்டது என்பதும் மறக்கற்பாலதன்று.

எனினும், நூலின் ஆழமான சிக்கல் தூசானின் ஆட்சியைப் பற்றிய பகுதியிலே தோன்றுகின்றது. 1800 ஒக்டோபரில் அவர் பிறப்பித்த ஒழுங்கு விதிகள், விடுதலை பெற்ற மக்களை மீண்டும் தோட்டங்களுடன் பிணைத்தன. விளைவில் நாலிலொரு பங்கு அவர்களுக்கு உரியதாயிருந்தது, சவுக்கு தடைசெய்யப்பட்டிருந்தது. ஆனால், அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு நீங்கும் உரிமை இருக்கவில்லை. மேற்பார்வை இராணுவத்தின் கையிலிருந்தது. 1801 பெப்ரவரியில், 50 கரோவுக்கு, அதாவது ஏறத்தாழ 160 ஏக்கருக்குக் குறைந்த நிலத்தை விற்பது தடைசெய்யப்பட்டது. உழைப்பவர் சிலர் கூடிச் சிறு காணி வாங்கும் வழியும் இதனால் அடைபட்டது. அவ்வாண்டின் அரசியலமைப்பு அடிமைமுறையை என்றென்றைக்குமாக ஒழித்தது; அதே அரசியலமைப்பு தூசானை ஆயுட்கால ஆளுநராக்கியது. ஒக்டோபரில் வட பகுதித் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள்பால் அனுதாபம் கொண்டவராகக் கருதப்பட்ட தளபதி மொயிஸ், தூசானின் வளர்ப்பு மருமகனாயிருந்தும், சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவற்றை ஜேம்ஸ் மறைக்கவில்லை. மொயிஸின் கொலையைக் கடுமையாகக் கண்டிக்கவும் செய்கின்றார். ஆனால், அவர் காணும் தவறு யாது? முதலாளித்துவ நிபுணரைப் பணிக்கமர்த்திய லெனின் அதன் காரணத்தைத் தொழிலாளருக்கு விளக்கினார். தூசானோ தம் கொள்கையை மக்களுக்கு விளக்கவில்லை என்பதே அவர் தீர்ப்பு. கொள்கை சரியானது, விளக்கமே குறைவானது என்பது இதன் உட்கிடை. இங்கேதான் ஜேம்ஸுடன் உடன்பட முடியாதுள்ளது. அடிமைக் காலத்திலேயே சிறு நிலத்துண்டுகளிற் கிழங்கும் காய்கறியும் பயிரிட்டுப் பழகிய மக்களுக்கு விடுதலை என்பது சொந்தக் காணியும் தம் நேரத்தின் மீது தமக்குள்ள உரிமையுமாகும். தலைவனுக்கோ அது ஏற்றுமதியும் படைபலமும் கொண்ட அரசாகும். கொள்கை விளங்காமையாலன்று, நன்கு விளங்கியமையாலேயே தொழிலாளர் அதனை எதிர்த்தனர்.

தூசானின் இக்கட்டினைச் சிறுமைப்படுத்துவதும் நேர்மையாகாது. நெப்போலியனின் படையெடுப்பை எதிர்நோக்கிய அவருக்கு ஆயுதம் தேவைப்பட்டது. சீனியும் கோப்பியும் இன்றி ஆயுதம் வாங்க வழியில்லை. ஆயினும், சோதனை வந்தபோது நிகழ்ந்தது யாது? 1802 இன் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை வந்திறங்கிய வேளையில், தூசான் எதிர்பார்த்த அளவில் மக்கள் அவர் பக்கம் திரளவில்லை. ஜூனில் அவர் கைதாகி நாடு கடத்தப்பட்டார். 1803 ஏப்ரலில் பிரான்சின் சிறைக்கோட்டையில் இறந்தார். டெசலீனும் கிறிஸ்தோபும் பிரெஞ்சுத் தளபதியின் கீழ்ப் பணியாற்றிய அம்மாதங்களில் போரைக் கைவிடாதிருந்தவை பெயரறியப்படாத மலைநாட்டுக் குழுக்களேயாகும். இவ்வுண்மையையும் ஜேம்ஸே எடுத்துரைக்கின்றார். தரவு ஒரு திசையில் இழுக்க, முடிவு தலைவனையே சுற்றி வருவது நூலின் முரண்பாடாகும். பின்வந்த ஆய்வுகள் இதனை வலுப்படுத்தின. தூசான் புரட்சிக்குப் பல ஆண்டுகள் முன்னரே விடுதலை பெற்றவர் என்பதையும், அடிமைகளுடன் கூடிய கோப்பித் தோட்டமொன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார் என்பதையும் 1977 இல் வெளியான ஆவண ஆய்வொன்று நிறுவியது. கரொலின் பிக் 1990 இல் வெளியிட்ட நூல், இப்புரட்சியை அடிநிலை மக்களின் நோக்கிலிருந்து எழுதியது.

ஜேம்ஸ் பாராட்டிய மற்றொரு தலைவர் கானாவின் நக்ருமா. 1957 இல் சுதந்திரம் பெற்ற அந்நாட்டில் 1958 இலேயே விசாரணையின்றித் தடுத்துவைக்கும் சட்டம் வந்தது; 1964 இல் ஒரு கட்சி ஆட்சி ஏற்பட்டது. 1963 இன் முடிவில் பிரதம நீதியரசர் பதவிநீக்கப்பட்டபோது ஜேம்ஸ் வெளிப்படையாகவே நக்ருமாவை விட்டு விலகினார். தலைவனை நேசித்த எழுத்தாளர் ஒருவர் காட்டிய இந்நேர்மை மதிக்கத்தக்கது. ஆயினும், தலைவன் எப்போது வழிதவறினான் என்று கேட்பதோடு விமர்சனம் நின்றுவிடலாகாது. அவன் பேசிய விடுதலையும் உழைப்பவர் நாடிய விடுதலையும் தொடக்கத்திலேனும் ஒன்றாயிருந்தனவா என்னும் கேள்வியே முதலில் எழுப்பப்பட வேண்டும். அக்கேள்விக்கு வேண்டிய சான்றுகளைத் தன் முடிவுக்கு மாறாகவும் மறைக்காது தந்துள்ளமையாலேயே ‘கறுப்பு ஜக்கோபின்கள்’ இன்றும் கற்கப்பட வேண்டிய நூலாக விளங்குகின்றது.