பத்துத் துளிக் கறுப்பு

றல்ஃப் எலிசனின் ‘இன்விசிபிள் மான்’ (1952) பற்றி எழுதுவோர் அதன் கதைசொல்லி இறுதியில் ஒதுங்கிவாழும் நிலவறையையே பெரிதும் எடுத்துக்காட்டுவர். ஆயின் அந்நாவலின் சமூகநோக்குக் கூர்மையடைவது வர்ணப்பூச்சுத் தொழிற்சாலை அத்தியாயத்திலேயாம்.

கல்லூரியில் பயின்ற கறுப்பின இளைஞனான கதைசொல்லிக்கு அங்கு வேலை கிடைக்கின்றது. அது தாராள மனத்தின் விளைவன்று. சங்கம் நிர்ணயித்த கூலியை இத்தகையோருக்குக் கொடுக்கவேண்டியதில்லை. அவனுக்கு இடப்படும் பணி விசித்திரமானது. வெள்ளைப் பூச்சு நிறைந்த ஒவ்வொரு வாளியிலும் பத்துத்துளி கறுப்புத் திரவத்தை விட்டு, அது மறையும்வரை கலக்கவேண்டும். கறுப்பு இன்றியமையாதது, ஆனால் கண்ணிற் படலாகாது. நிலத்தடியிலோ லூசியஸ் புறொக்வே என்னும் கறுப்பின முதியவர் அவ்வெண்மைக்கான மூலக்கூழைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்.

இதனை வெறுங் குறியீடெனத் தள்ளுதல் இயலாது. தொழிலில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன்னர், வட கரோலினாவில் டியூக் பவர் கம்பனியின் மின்நிலையமொன்றிற் கறுப்பர் உடலுழைப்புப் பிரிவில் மட்டுமே அமர்த்தப்பட்டனர். அங்குள்ள உச்சக் கூலி, ஏனைய பிரிவுகளின் அடிமட்டக் கூலியிலும் குறைவு. சட்டம் நடைமுறைக்கு வந்த 1965 யூலை 2ஆம் நாளன்றே அப்பிரிவுகளிற் புதிதாகச் சேர்வோருக்குத் திறன்காண் சோதனைகள் விதிக்கப்பட்டன! வேலைத்திறனோடு தொடர்பற்ற அந்நிபந்தனைகள் சட்டவிரோதமென 1971இல் உயர்நீதிமன்றம் தீர்த்தது.

அரசாங்க ஒப்பந்தகாரர் இனச் சமவாய்ப்புக்கு முனைந்து நடவடிக்கை எடுக்கவேண்டுமென ஜனாதிபதி ஜோன்சன் 1965இற் பிறப்பித்த ஆணையை, 2025 ஜனவரியில் ஜனாதிபதி ட்ரம்ப் நீக்கினார். இதனையொட்டிய வாதங்களில் ஆதரிப்போரும் எதிர்ப்போரும் பெரும்பாலும் துளிகளையே எண்ணுகின்றனர். நிலத்தடியில் நிற்பவர் யார், அவர் பெறுங் கூலி எவ்வளவு என எலிசன் எழுப்பிய வினா அருகியே கேட்கின்றது.

எனினும் எலிசனிடத்தும் ஒரு குறையுண்டு. புறொக்வேயோடு வேலைசெய்கிறான் என்பதனாலேயே தொழிற்சங்கத்தார் கதைசொல்லியை ஒற்றனென ஐயுறுகின்றனர். புறொக்வேயோ சங்கத்தின் பெயர் கேட்டதுமே சீறுகிறார். இவ்விருதரப்புச் சந்தேகம் உண்மைக்குப் புறம்பானதன்று. வெள்ளையர் சங்கங்கள் பல கறுப்பருக்குக் கதவடைத்திருந்தன. ஆனால் அது முழு உண்மையுமன்று. ஏ. பிலிப் றண்டோல்ப் தலைமையில் 1925இல் அமைந்த, புகைவண்டித் துயிற்பெட்டிப் பணியாளரான கறுப்பரின் சங்கம், பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937இற் புல்மன் கம்பனியை ஒப்பந்தத்திற் கையொப்பமிட வைத்தது. அத்தகைய அனுபவத்திற்கு இத்தொழிற்சாலையில் எலிசன் ஒரு மூலையேனும் ஒதுக்கவில்லை.