திரும்பும் இடம்

அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் ஷெர்லிங்டனிலிருந்து பர்செல்வில் வரை சுமார் 72 கிலோமீட்டர் நீளும் டபிள்யூ அண்ட் ஓடி சைக்கிள் பாதை, 1968இல் ஓட்டம் நின்றுபோன ரயில் தடத்தின் மேல் போடப்பட்டது. அதில் மிதமான சவாரிக்குத் திட்டமிடுபவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது திரும்பும் இடத்தைத்தான் என்பது என் எண்ணம். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. எனவே அதன் தடம் மெல்ல மெல்லத்தான் உயரும். அதில் ஏறும்போது அது ஏற்றம் என்பதையே கால்கள் பெரும்பாலும் உணர்வதில்லை. முதுகில் காற்றும் சேர்ந்துவிட்டால் தெம்பு பொய்க்கணக்குச் சொல்லும். இப்பாதையிலுள்ள வியன்னாவில் கிளம்பி ஆஷ்பர்னில் திரும்பினால் போகவர ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பழகியவருக்கு அரை நாள் இன்பம்.

திட்டம் போட்டால் சுதந்திரம் போய்விடுமே என்பார்கள். ஆனால் எல்லை தெரிந்தவர்தான் வழியில் ஹெர்ன்டனின் பழைய ரயில் நிலையத்தருகே கவலையின்றி உட்கார்ந்து காபி குடிக்க முடியும். நடப்பவர்களும் குழந்தைகளும் சாலைக் குறுக்கீடுகளும் வேகத்தைக் கெடுக்கின்றன என்ற குறை நியாயமானது. அதனால்தான் கிலோமீட்டரைவிட மணிக்கணக்கில் திட்டமிடுவது நல்லது. வேகமே வேண்டுமென்றால், கூட்டம் சேராத விடியற்காலையில் கிளம்பலாம்.