மூவாயிரத்தில் ஒன்று

வயிற்றிலும் இடுப்பிலும் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதையே பிட்டத்தில் செலுத்தி வடிவம் கூட்டுவதற்குப் பெயர் பிரேசிலியன் பட் லிஃப்ட். சிலிகான் போன்ற அந்நியப் பொருள் எதுவும் உள்ளே வைப்பதில்லை. தழும்புகள் சிறியவை. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பிவிடுகிறார்கள். செய்துகொண்டவர்களில் மனநிறைவோடு இருப்பவர்களும் நிறையப் பேர். இவ்வளவு எளிதாகத் தெரியும் சிகிச்சைதான் அழகு அறுவைகளிலேயே அதிக உயிர்ப்பலி வாங்குவது என்று அறுவை மருத்துவர்களின் சங்கங்களே 2018-இல் எச்சரித்தன. மூவாயிரம் பேருக்கு ஒருவர் இறக்கிறார் என்ற எண் அப்போதுதான் செய்திகளில் பரவியது.

அந்த எண் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக உலகெங்கும் 4,843 மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் போனது. பதில் எழுதியவர்கள் 692 பேர். தங்கள் பணிக்காலம் முழுவதிலும் செய்ததாக அவர்கள் சொன்ன 1,98,857 அறுவைகளில் 32 மரணங்கள். அதே ஆய்வு, கணக்கிடும் முறையைப் பொறுத்து, சுமார் 2,300-இல் ஒன்று முதல் 6,200-இல் ஒன்று வரை என மரண வீதத்தை மதிப்பிட்டது. ஆக, மூவாயிரம் என்பது எண்ணி எடுத்த தொகை அல்ல, உத்தேசம். நூற்றுக்கு 86 பேர் வாய் திறக்காத ஒரு விசாரணையிலிருந்து வந்த உத்தேசம். தன் கையில் ஒரு நோயாளியை இழந்த மருத்துவர், கேள்வித்தாளை நிரப்ப மற்றவரைவிடச் சற்றுக் கூடுதலாகவே தயங்குவார் என்று நான் நினைக்கிறேன். இத்தனை ஓட்டை இருந்தும் சங்கங்கள் அதை அலட்சியப்படுத்தாதது சரியான முடிவே. நோய் எதுவும் இல்லாத உடம்பில் கத்தி வைக்கும்போது, சந்தேகத்தின் பலன் கத்திக்குப் போகக் கூடாது.

காரணமும் தெளிவாகவே தெரிந்தது. பிட்டத் தசையின் ஆழத்தில் தடித்த சிரைகள் ஓடுகின்றன. கொழுப்பைச் செலுத்தும் குழாயான கேனுலா தசைக்குள் இறங்கிச் சிரையைக் கிழித்துவிட்டால், கொழுப்பு இதயத்தின் வலப்புறம் போய் அங்கிருந்து நுரையீரல் குழாய்களை அடைத்துவிடும். சிலர் அறுவை மேசையிலேயே இறந்தார்கள். பிரேதப் பரிசோதனைகளில் தசைக்குள் கொழுப்பு காணப்பட்டது. தோலுக்கும் தசைக்கும் இடையில் மட்டுமே செலுத்த வேண்டும், தசையைத் தொடக் கூடாது என்பதே பரிகாரம். ஃபுளோரிடா மருத்துவ வாரியம் 2019-இல் இதை விதியாகவே ஆக்கியது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு கணக்கெடுப்பு, மரண வீதம் ஏறத்தாழ 15,000-இல் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்றது.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். தெற்கு ஃபுளோரிடாவின் பதிவுகள் வேறு கதை சொல்கின்றன. 2010 முதல் 2022 வரை அங்கே கொழுப்படைப்பால் நேர்ந்த மரணங்கள் 25. அவற்றில் 14, எச்சரிக்கையும் விதியும் வந்த பிறகு நிகழ்ந்தவை. நூற்றுக்கு 92 மரணங்கள், மலிவு விலையில் நாளெல்லாம் அறுவை நடத்தும் கிளினிக்குகளில். ஒன்றரை மணி நேரத்தில் முடித்த அறுவைகளும் அவற்றில் இருந்தன. கேள்வித்தாளுக்குப் பொறுப்பாகப் பதில் எழுதுபவரும் இந்த கிளினிக்குகளில் நாள் முழுதும் நிற்பவரும் ஒரே ஆளாக இருக்க வாய்ப்புக் குறைவு. நுட்பம் திருந்தியது, திருந்த விரும்பியவர்களிடம்.

கேனுலாவின் நுனி எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கை உணர்வை நம்பித்தான் செய்ய வேண்டும். அன்றைய முதல் நோயாளியிடம் இருக்கும் கை உணர்வு ஏழாவது நோயாளியிடம் இருக்குமா? 2022 ஜூனில் ஃபுளோரிடா வாரியம் அவசர விதி ஒன்றைக் கொண்டுவந்தது: ஒரு மருத்துவர் ஒரு நாளில் மூன்றுக்கு மேல் செய்யக் கூடாது, கேனுலாவை அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே செய்ய வேண்டும். 2023-இல் அங்கே வந்த சட்டம், அறுவைக்கு ஒரு நாள் முன்பாவது மருத்துவர் நோயாளியை நேரில் பரிசோதித்திருக்க வேண்டும் என்றது. இதற்கெல்லாமா சட்டம் என்று கேட்கலாம். சட்டம் போட்டுத்தான் இதைச் செய்ய வைக்க வேண்டியிருந்தது என்பதைவிட அந்தத் தொழிலைப் பற்றிக் கடுமையாக யாரும் எழுதிவிட முடியாது.

அப்படியானால் தடை செய்துவிடலாமே? பிரிட்டன் ஏறக்குறைய அதைத்தான் முயன்றது. 2018-இல் அங்குள்ள அழகு அறுவை மருத்துவர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் இதைச் செய்ய வேண்டாம் என்றது. விரும்பிய பெண்கள் துருக்கிக்கு விமானம் ஏறினார்கள். 2022-இல் சங்கம் அல்ட்ராசவுண்டு நிபந்தனையோடு கதவைத் திறந்தது. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் காட்டும் கணக்கும் இதே பக்கம்தான்: அழகு அறுவைக்காக டொமினிக்கன் குடியரசுக்குப் போய் 2009 முதல் 2022 வரை உயிரிழந்த அமெரிக்கர்கள் 93 பேர், ஒருவர் தவிர எல்லாரும் பெண்கள். தடை ஆசையைக் குறைப்பதில்லை, அதைக் கண்காணிப்பு குறைந்த இடத்துக்கு அனுப்பிவைக்கிறது. அந்தப் பெண்களை வீண் ஆசைக்காரிகள் என்று ஏசுவதும் எனக்கு ஒப்பவில்லை. அவர்களுக்கு விலை சொன்னவர்கள் ஆபத்தையும் சொல்லியிருக்க வேண்டும்.

பெருமளவு எடை குறைந்தபின் தொங்கும் தோலில் புண்ணும் அரிப்பும் வந்து அவதிப்படுபவருக்குச் செய்யும் அறுவையை இதோடு சேர்த்துப் பேசக் கூடாது. அங்கே தராசின் மறுதட்டில் ஒரு நோய் இருக்கிறது.

இந்தியாவுக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. 2022 மே மாதம் பெங்களூருவில், கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் போன 21 வயது கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படிப்பட்ட அறுவைக்குத் தேதி வாங்கியிருந்தால் சிலவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்: கத்தி பிடிக்கப் போவது யார், மயக்க மருந்து கொடுப்பவர் யார், அன்று அது எத்தனையாவது அறுவை, மூச்சு நின்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா. இவற்றுக்கு மருத்துவர் வராமல் விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பதில் சொன்னால், கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.